இன்னும் பாஸ் ஆகவில்லை

பெரம்பலூரில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். கீழே டயருக்குக் காற்று அடிக்கிறார்கள், மேலே நான் ஆட்களுக்கு அடிக்கிறேன். ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு ஒரு வகுப்பு முழுவதையும் ஓட்டிவிடுவது என் பாணி. வாத்தியார் வீட்டில் எதையும் படித்துவிட்டு வரத் தேவையில்லை என்பது அதில் உள்ள பெரிய வசதி.

அப்படி நான் அதிகம் ஓட்டிய சொல் 'பாஸ்'. பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் நான் பாஸ் ஆன சேதியை எங்கள் தெருவே நம்பவில்லை. அதனால் அந்தச் சொல்லின் மேல் எனக்குத் தனி மரியாதை. பரீட்சையில் பாஸ், பஸ்ஸில் காட்டுகிற பாஸ், விழாவில் முன்வரிசைக்குப் போக யாரையாவது பிடித்து வாங்குகிற பாஸ். சென்னை வண்டிக்காரர் ஊருக்குள் வரமாட்டேன் என்று நம்மை இறக்கிவிட்டுப் போகிற இடம் பைபாஸ். அதே பைபாஸை நெஞ்சில் செய்துகொண்டவர்களும் ஊரில் இருக்கிறார்கள். ரயில் இல்லாத ஊரில் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து கடலை கொறித்தால் அது டைம்பாஸ். படிப்பை முடித்தாலும் பாஸ் அவுட், மயங்கி விழுந்தாலும் பாஸ் அவுட். எங்கள் பக்கத்து இன்ஜினீயரிங் பையன்களுக்கு இரண்டும் ஒரே வருஷத்தில் நடக்கும். டீக்கடையில் ஒருத்தன் இன்னொருத்தனை 'பாஸ்' என்று கூப்பிடுவது வேறு வார்த்தை, முதலாளி என்று அர்த்தம். தமிழில் எழுதினால் அதுவும் வந்து இதில் ஒட்டிக்கொள்ளும். கடைசியில், செத்துப்போனார் என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிற இங்கிலீஷ்காரன் 'பாஸ்ட்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வான் என்று குரலைத் தாழ்த்திச் சொல்லி வகுப்பை முடிப்பேன். இதையெல்லாம் போர்டில் எழுதிக் காட்டிய இதே கையால்தான் மச்சானுக்கு அந்தச் செய்தியை அனுப்பினேன்.

என் அத்தைக்கு, அதாவது மனைவியின் அம்மாவுக்கு, குடல் முறுக்கிக்கொண்டது. தா.பழூர் பக்கம் அவர் ஊர். வயிறு கல்லாட்டம் இருக்கிறது என்றதும் வாய்வு என்று நினைத்துப் பெருங்காயமும் சோடாவுமாகப் பொழுதைக் கழித்திருக்கிறார்கள். வாந்தி நிற்காமல் போன பிறகுதான் எங்களுக்குப் போன் வந்தது. பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, அன்றைக்கே வயிற்றைத் திறந்தார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டர். கைகூப்பப் போனேன். இனிமேல்தான் விஷயமே இருக்கிறது என்று அவர் விரலை உயர்த்தினார். குடல் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அடையாளம் கேஸ், அதாவது வயிற்றுக் காற்று, பாஸ் ஆவதுதான். அது ஆகிற வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடையாது. மூக்கில் விட்ட குழாயை எடுக்க முடியாது. ஆகாவிட்டால் மறுபடி திறந்து பார்க்க வேண்டி வரலாம். இந்த வயதில், இந்தச் சர்க்கரையோடு, இன்னொரு தடவை என்றால் என்று இழுத்து அவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

இரவில் மனைவி கூட இருந்தாள். அவளுக்கு அங்கன்வாடியில் வேலை, லீவு கிடைக்கவில்லை. விடிந்ததும் வீட்டுக்கு ஓடிப் பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு வேலைக்குப் போனால், சாயங்காலம்தான் திரும்புவாள். பகல் டியூட்டி எனக்கு.

அத்தையைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. நான் பக்கத்திலேயே இருந்தாலும், மாப்பிள்ளை சாப்பிட்டாரா என்று மகளிடம்தான் கேட்பார். மகள் என்னைப் பார்ப்பாள். சாப்பிட்டாயிற்று என்று நான் மகளிடம் சொல்வேன். அத்தை கதவுக்குப் பின்னால் திருப்தியாகத் தலையாட்டுவார். அப்படிப்பட்டவரைக் கட்டிலில் படுக்கப்போட்டு, தலைமாட்டில் நாள் முழுக்க மருமகனை உட்கார வைத்தால்? போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நானோ, பொறுப்பான மாப்பிள்ளை என்று பெயர் வாங்கும் ஆசையில், நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

முதல் முறை நர்ஸ் வந்து, "பாஸ் ஆச்சாம்மா?" என்று கேட்டார்.

"பாஸு மாப்ளகிட்ட இருக்குங்க" என்றார் அத்தை, சுவரைப் பார்த்தபடியே.

நான் எழுந்து, நோயாளியோடு இருப்பவருக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த மஞ்சள் அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் கேட்டது அந்த பாஸ் இல்ல சார்."

பிறகு அத்தையின் காதருகே குனிந்து விளக்கினார். போர்வை மூக்கு வரை ஏறியது. அதிலிருந்து யார் கேட்டாலும் அத்தை வாயைத் திறக்கவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

இப்படி ஒரு காத்திருப்பை நான் பார்த்ததில்லை. கட்டில் லேசாகக் கிறீச்சிட்டால் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெளியே பைக் ஸ்டார்ட் ஆனாலும் ஒரு நொடி நெஞ்சில் நம்பிக்கை வந்து போயிற்று. கேன்டீன் பருப்பு வடையின் புண்ணியத்தில் எனக்கு அந்த விஷயத்தில் ஒரு குறையும் இல்லை. மாற்றிக் கொடுக்க வழியிருந்தால் தாராளமாகக் கொடுத்திருப்பேன். கல்லங்குறிச்சிப் பெருமாளிடம் வேண்டிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினேன். பெருமாளே, எங்கள் அத்தைக்கு என்று ஆரம்பித்தவன் அங்கேயே நின்றுவிட்டேன். சாமியிடம் எந்த வார்த்தையைப் போட்டுக் கேட்பது? எல்லாம் நல்லபடியாக ஆகட்டும் என்று பொதுவாக ஒரு மனுப் போட்டுவிட்டுக் கண்ணைத் திறந்துகொண்டேன். பொதுவான மனுக்களுக்கு நம் நாட்டில் என்ன கதி என்பது தெரிந்ததுதான்.

மறுநாள் காலையில் டாக்டர் வந்து வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். பாஸ் ஆயிற்றா என்றார். போர்வைக்குள் தலை ஆடியது, இல்லை. டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். வயிற்றுக்குள் சத்தம் லேசாகத்தான் கேட்கிறது, சாயங்காலம் வரை பார்ப்போம், அதற்குள் ஆகாவிட்டால் திருச்சிக்கு அனுப்பிவிடுகிறேன், அங்கே மறுபடி திறந்து பார்க்கட்டும், வண்டிக்கு இப்போதே சொல்லி வைத்துவிடுவது நல்லது என்றார். உள்ளே போய், அத்தை பயந்துவிடக் கூடாது என்று திருச்சிப் பேச்சையே எடுக்காமல், சிரித்த முகமாக உட்கார்ந்துகொண்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தச் சிரிப்பும் வீணாயிற்று.

அத்தையின் மகன், என் மச்சான், சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறான். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பதில் அனுப்ப வேண்டும். 'அம்மாவுக்குக் காற்று இன்னும் பிரியவில்லை' என்று தமிழில் அடித்துப் பார்த்தேன். பிரிவது என்றால் எங்கள் பக்கம் உயிர்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். படிப்பவன் பதறிவிடுவான் என்று அழித்தேன். இந்த மாதிரி இக்கட்டுக்குத்தானே இங்கிலீஷ் இருக்கிறது? 'அம்மா நாட் யெட் பாஸ்ட். டாக்டர் அண்ட் ஆல் ஆர் வெயிட்டிங். இஃப் நாட் பாஸ்ட் பை ஈவினிங், வீ வில் ஷிஃப்ட் டு திருச்சி. டோன்ட் வொர்ரி.' இலக்கணச் சுத்தம். அனுப்பிவிட்டுக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

உடனே போன் வந்தது. வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.

"மாமா, எங்கம்மா எப்ப போவும்னு டாக்டரும் நீங்களுமா உக்காந்து காத்துக்கிட்டு இருக்கீங்களா?"

அப்போதுதான் என் செய்தி அவன் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அம்மா இன்னும் சாகவில்லை, சாயங்காலத்துக்குள் செத்துவிட்டால் சரி, இல்லாவிட்டால் திருச்சிக்குக் கொண்டுபோய் வேண்டியதைச் செய்கிறோம், கவலைப்படாதே. அப்படியில்லை மச்சான், கேஸ் பாஸ் ஆகவில்லை என்பதைத்தான் எழுதினேன் என்றேன். அவன் நிற்கிற இடத்தில் ஏதோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. என்ன கேஸ், ஆஸ்பத்திரி மேல் கேஸ் போட்டிருக்கிறீர்களா, அம்மாவுக்கு என்ன பண்ணிவிட்டார்கள் என்று அழ ஆரம்பித்துவிட்டான். அந்தக் கேஸ் இல்லை என்றேன். கேட்கவில்லை. வாய்வு என்றேன். அதுவும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த நாகரிகமான வார்த்தைகள் அத்தனையும் தீர்ந்துபோயின.

"குசு மச்சான், குசு. ஒங்கம்மாவுக்கு இன்னும் குசு வரல."

வராந்தாவில் டோக்கனோடு உட்கார்ந்திருந்த ஜனம் மொத்தமும் திரும்பியது. மருந்துக்கடைக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். அத்தையின் அறைக் கதவு விரியத் திறந்துகிடந்தது. உள்ளே, போர்வை தலைக்கு மேல் போய்விட்டிருந்தது. அந்தப் பக்கம் மச்சான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டிக்கெட் போட்டு வைக்கட்டுமா என்று கேட்டான். சாயங்காலம் சொல்கிறேன் என்றேன்.

அதன் பிறகு நர்ஸ் வந்து கேட்டபோதெல்லாம் போர்வைதான் இடமும் வலமுமாக ஆடியது. நர்ஸ் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார். எனக்கு நாக்கு வறண்டது. ஆனால் அத்தைக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது என்கிறபோது அவர் எதிரில் தண்ணீர் குடிக்க மனசு வரவில்லை. வெயில் இறங்கியது. கீழே வேன் வந்து நின்று, டிரைவர் பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை எடுத்து வைப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பெரம்பலூரிலிருந்து திருச்சிக்கு எத்தனையோ தடவை தூங்கிக்கொண்டே போயிருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு வேறு தேசமாகத் தெரிந்தது.

மனைவி மாடிப்படி ஏறி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். முகம் வெளுத்து, பையை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தவள் முகத்தைப் பார்த்தால் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"ஏங்க, அம்மாவுக்குக் காலையிலயே ஆயிடுச்சாம்."

"என்ன ஆயிடுச்சு?"

"நீங்க வராந்தாவுல நின்னு கத்துனீங்கல்ல, அதுதான்."

"அப்ப ஏன் இல்ல இல்லன்னு தலைய ஆட்டுனாங்க?"

"நீங்க எதுக்க நின்னா வேற எப்புடி ஆட்டுவாங்க?"

நடந்தது இதுதான். விடிந்து அவள் கிளம்பிப் போன பிறகு, அத்தைக்கு முகம் துடைக்க நான் வெந்நீர் பிடிக்கக் கீழே போயிருந்த சமயத்தில் விஷயம் முடிந்திருக்கிறது. டாக்டர் வந்து கேட்டபோது நான் பிளாஸ்க்கும் கையுமாகக் கட்டிலை ஒட்டி நின்றுகொண்டிருக்கிறேன். மாப்பிள்ளை எதிரில் எப்படி ஆமாம் என்பது, சாயங்காலம் மகள் வந்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று அத்தை இருந்துவிட்டார். நான் வராந்தாவில் கத்தியதைக் கேட்ட பிறகு, உயிரே போனாலும் அதைச் சொல்வதில்லை என்று முடிவுகட்டிவிட்டார். அந்த ஒரு தலையாட்டலில்தான் திருச்சி இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் பத்திரமாக மறைத்தவன் நான்.

படியில் உட்கார்ந்துவிட்டேன். கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. அது வந்து சேர்வதற்குள் கண் கலங்கிவிட்டதால் யார் மேல் என்று தெரியாமல் போய்விட்டது.

மனைவி சொல்லி நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் அறைக்குள் நுழையுமுன் என்னைப் பார்த்து, நீங்கள் கொஞ்சம் வெளியிலேயே இருங்கள் என்றார். கதவு சாத்தியிருந்த அந்த நேரம்தான் நாள் முழுவதிலும் பெரிய நேரம். பிறகு அவர் வெளியே வந்து, வயிற்றில் சத்தம் இப்போது நன்றாக இருக்கிறது, மறுபடியும் ஆகியிருக்கிறது, வண்டி வேண்டாம், காலையில் குழாயை எடுத்துவிட்டு ஸ்பூனால் தண்ணீர் கொடுத்துப் பார்ப்போம் என்றார். எனக்கு என்னமோ டிரைவர் மனசு மாறி மேலே வந்துவிடுவாரோ என்று பயமாகவே இருந்தது. வேன் கேட்டைத் தாண்டித் திரும்பும் வரை ஜன்னலிலேயே நின்றேன்.

மச்சானுக்கு எழுதப் போனை எடுத்தேன். மனைவி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். இனிமேல் தமிழும் வேண்டாம், இங்கிலீஷும் வேண்டாம், பேசாமல் இருங்கள் என்று சொல்லிவிட்டு அவளே பேசினாள்.

நாற்காலியைத் தூக்கி வராந்தாவில் போட்டுக்கொண்டேன். ஏன் சார் வெளியில் உட்கார்ந்துவிட்டீர்கள் என்று கேட்டார் நர்ஸ்.

"நான் உள்ள இருந்தா ரிசல்ட் வராது சிஸ்டர்."

நர்ஸ் சிரித்துக்கொண்டே உள்ளே போய் அதை அப்படியே சொல்லியிருக்க வேண்டும். சாத்திய கதவுக்குப் பின்னால் அத்தையின் சிரிப்பை முதல் தடவையாகக் கேட்டேன். வலியில் ஒரு முனகல், அப்புறம் மறுபடி சிரிப்பு. "சிரிக்காதம்மா, தையல் விட்டுடப் போவுது" என்று மகள் அதட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அடக்க முடியவில்லை.