செல்வியின் தாளை எடுக்க மாட்டேன்

கல்வராயன் மலையில் இருக்கும் எங்கள் பள்ளியில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அந்தப் பருவத்துக்கான இலக்கை ஆளுக்கொரு தாளில் எழுதச் சொல்லி, அவற்றைச் சுவரில் ஒட்டினேன். பலரும் டாக்டர், கலெக்டர் என்றே எழுதியிருந்தார்கள். செல்வி மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: "சாமை அறுப்புக்குப் போவேன். அதற்குள் பின்னக் கணக்கைக் கற்றுக்கொள்வேன். திரும்பி வந்ததும் எது மறந்துபோனது என்று நானே பார்ப்பேன்."

மறுநாள் கல்வி அதிகாரி பள்ளியைப் பார்வையிட வருவதாக இருந்தது. தலைமையாசிரியர் அதைப் படித்துப் பதறினார்.

"இன்னா டீச்சர், லீவு போடுவேன்னு செவுத்துலயே ஒட்டி வெச்சிக்கினு இருக்கீங்க? மத்தவங்க மாதிரி கலெக்டர்னு எழுதச் சொல்லுங்க."

செல்வி அங்கேயேதான் நின்றாள். "அறுப்புக்கு எங்க வூட்ல வேற ஆள் இல்ல சார். போறது நெசம். பொய் எழுதி ஒட்டிட்டா, திரும்பி வந்து எதப் பாத்துப் படிப்பேன்?"

அவர் தாளைக் கிழிக்கப் போனார். அதுவரை அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத நான் குறுக்கே போய் நின்றேன்.

"எடுக்க மாட்டேன் சார். அதிகாரிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

மறுநாள் அதிகாரி அந்தத் தாளைப் படித்து, முகம் சுளித்து விளக்கம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

அறுப்பு முடிந்து வந்த செல்வி, நேராகச் சுவரருகே போய் அதே தாளின் அடியில் எழுதினாள்: "பின்னத்தில் கூட்டல் நினைவிருக்கிறது. வகுத்தல் மறந்துவிட்டது. அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்."

கலெக்டர் என்று எழுதிய ஒரு தாளிலும் இன்றுவரை இரண்டாவது வரி விழவில்லை.