டாக்டரம்மாவுக்குத் தெரிந்த வலி

டாக்டர் ஏலவார்குழலி பதினாறு வருடமாக ராத்திரி டூட்டி பார்க்கிறார். காஞ்சிபுரத்தில் நாற்பது படுக்கை கொண்ட எங்கள் தனியார் ஆஸ்பத்திரியில் இரவு எட்டு மணிக்கு மேல் அவர் ஒருவர்தான் டாக்டர். நான் அங்கே பதிவு கவுண்டரில் இருக்கிறேன். பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு, வேறு நல்ல வேலை கிடைக்கும்வரை என்று சேர்ந்து மூன்று வருடம் ஆகிவிட்டது.

அவரும் இரண்டு வருடம் மட்டும் என்றுதான் சேர்ந்தாராம். அப்பா பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்தவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவர். ராத்திரி வேலை பார்த்துக்கொண்டு பகலில் எம்.டி. நுழைவுத் தேர்வுக்குப் படிப்பது என்று திட்டம். பகலில் தூக்கம் வந்தது. பிறகு கல்யாணம், மகள். நான்கு முறை எழுதினார். ஐந்தாவது முறை விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி விட்டுவிட்டார்.

"புத்தகத்தத் தொறந்தா மூணாவது பக்கத்துல தூங்கிடுவேன்பா. மொத ரெண்டு பக்கம் மட்டும் இன்னிக்கும் மனப்பாடம்" என்று சிரிப்பார்.

நெசவுக்காரர்கள் பகலில் ஆஸ்பத்திரிக்கு வருவது குறைவு. வெளிச்சம் இருக்கும்வரை தறியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். ராத்திரி சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அதனால் ராத்திரி டாக்டர்தான் அவர்கள் டாக்டர். "என்ன சேலை போட்டிருக்கீங்க? முந்தானை வரைக்கும் வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் இவர் நாடி பிடிப்பார். அந்தப் பேச்சுக்காகவே வருகிறவர்களும் இருந்தார்கள்.

போன ஆவணியில் ஒரு ராத்திரி, பதினோரு மணி இருக்கும். தேவேந்திரன் வந்தார். ஐம்பத்திரண்டு வயது. கூட அவர் மனைவி வடிவு.

"எடது கை வலி தம்பி. நெஞ்சுகிட்டயும் என்னமோ அடைக்கிறாப்ல இருக்குதுன்றாரு" என்றார் வடிவு.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. இவளுக்கு எல்லாத்தையும் பெருசாக்கணும். கைதான்" என்றார் தேவேந்திரன்.

நான் சீட்டில் 'இடது கை வலி' என்று எழுதினேன். அவர் சொன்னதை எழுதினேன். அவர் மனைவி சொன்னதை எழுதவில்லை. எழுதக் கூடாது என்று நினைக்கவில்லை. அந்த நேரத்தில் எதையுமே நினைக்கவில்லை என்பதுதான் உண்மை.

டாக்டர் அறை கவுண்டருக்கு எதிரே. கதவு திறந்தே இருக்கும்.

"கோர்வைச் சேலையா?" என்று கேட்டார் டாக்டர். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக வரும் சேலை அது. நெய்கிறவருக்குக் கை எட்டாத மறுபக்கத்துக் கரைக்கு, குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைப் போட இன்னொரு ஆள் வேண்டும்.

"ஆமாம்மா."

"கூட யாரு போடறாங்க?"

"யாரும் இல்ல. கூடப் போடற பையன் அம்மையில படுத்துக்கினான். அஞ்சு நாளா நானே எட்டி எட்டிப் போட்டுக்கினு இருக்கேன். முகூர்த்தச் சேலை, சொன்ன தேதிக்குக் குடுக்கணும்ல?"

"அப்புறம் கை வலிக்காம காலா வலிக்கும்?"

மூன்று பேரும் சிரித்தார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர் இடது கை வலி என்று வந்தால் இசிஜி எடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நர்ஸ் மேரி மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். "எடுத்துடலாமா டாக்டர்?"

"வேணாம் மேரி. இது தறிவலி. ஆள் இல்லாம கோர்வை போட்டா எங்கப்பா ராத்திரியெல்லாம் இதே தோளப் புடிச்சுக்கினு கெடப்பாரு. எனக்குத் தெரியாததா?"

ஒரு ஊசி, நான்கு மாத்திரை. தேவேந்திரன் போகும்போது எனக்குக் கையசைத்துவிட்டுப் போனார்.

விடியற்காலை நாலரைக்கு ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். உடம்பில் சூடு இருந்தது, நாடி இல்லை. டாக்டர் நாற்பது நிமிடம் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். மேரிதான் அவர் கையைப் பிடித்து எடுத்துவிட்டார். வடிவு வந்து டாக்டரைக் கட்டிக்கொண்டார்.

"நீங்க நல்லாத்தான் பாத்தீங்கம்மா. அவரு நேரம் முடிஞ்சிபோச்சு."

காலையில் நிர்வாகி டாக்டரைக் கூப்பிட்டுப் பேசினார். "அவங்க எதுவும் கேக்கல மேடம். நீங்களா எதுவும் பேசாதீங்க." அவர் பேசவில்லை. ராத்திரி டூட்டிக்கு வந்தார், போனார். கருமாதி முடிந்த மறுநாள் மாலை எனக்கு போன் செய்தார்.

"வண்டி இருக்குதாப்பா? என்னைய வடிவு வீட்டுக்குக் கூட்டிக்கினு போறியா? நடந்து போனா பாதி வழியில திரும்பிடுவேன்."

ஆஸ்பத்திரிக்கு வெளியே, பகல் வெளிச்சத்தில் அவரை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். எனக்குத் தெரிந்ததைவிட வயதானவராக இருந்தார்.

வடிவு நாற்காலி எடுத்துப் போட்டார். காபி போடப் போனவரை டாக்டர் தடுத்தார். நின்றபடியே சொன்னார்.

"அன்னிக்கு நான் இசிஜி எடுக்கல. எடுத்திருக்கணும். எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அவரு பொழச்சிருக்கலாம். தறிவலின்னு நானா முடிவு பண்ணிட்டேன். நெஞ்சப் பத்தி ஒரு வார்த்த கேக்கல."

வடிவு என்னைப் பார்த்தார். "நெஞ்சு அடைக்குதுன்னு நான் இந்தத் தம்பிகிட்ட சொன்னேனே?"

டாக்டரும் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தேன். ஆமாம் என்றா, இல்லை என்றா தலையாட்டினேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

"சீட்டுல இல்லன்னாலும் நான் கேட்டிருக்கணும்மா. அது என் வேல" என்றார் டாக்டர்.

வடிவு, டாக்டருக்குப் போட்ட நாற்காலியில் தானே உட்கார்ந்தார். பிறகு சத்தம் போடாமல்தான் பேசினார்.

"பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்னு நான்தான் சொன்னேன். நம்ம தெருப் பொண்ணு இருக்குது, அதுக்குத் தெரியும்னு அவருதான் அங்க இழுத்துக்கினு வந்தாரு. இத்தினி நாளா அவரு நேரம் அவ்ளோதான்னு நெனச்சுக்கினு கண்ண மூடினேன். இப்ப வந்து சொல்றீங்களே, இனிமே எத நெனச்சுக்கினு படுக்கறது?"

"போய்ட்டு வாங்க" என்றார் வடிவு. நாங்கள் வெளியே வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்.

வழியில் டாக்டர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, "நான் போயிருக்கக் கூடாதோ?" என்று கேட்டார். என்னைக் கேட்டாரா என்று தெரியவில்லை; வண்டியை நிறுத்தப் போய்விட்டேன். டூட்டிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்று ராத்திரி முதலில் வந்தவர் ஒரு நெசவுக்காரர். கழுத்து வலி. "டாக்டரம்மா, ஒரு வாரமா ஒரே கட்டம் போட்ட சேலை..." என்று தொடங்கினார்.

"தறியப் பத்தி வேணாம். சட்டையக் கழட்டிட்டுப் படுங்க" என்றார் டாக்டர்.

இப்போது எல்லோரிடமும் அப்படித்தான். யாரிடமும் சேலையைப் பற்றிக் கேட்பதில்லை. கேள்விகளை வரிசையாகக் கேட்கிறார், மெஷினை வைக்கிறார், எழுதுகிறார். சீட்டில் நான் எழுதியதைப் படித்த பிறகும், கூட வந்தவரைக் கூப்பிட்டு இன்னொரு முறை கேட்கிறார். பிள்ளையார்பாளையத்தில் அவரைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கவுண்டரில் காதில் விழுகிறது. "அந்தம்மா முன்ன மாதிரி இல்லப்பா. கொஞ்சம் பேரு வாங்கினதும் நம்ம ஆளுங்கள மறந்துடுச்சு."

தேவேந்திரன் பெயரை யாரும் எடுப்பதில்லை. வடிவு அந்தத் தெருவில் ஒருவரிடமும் எதையும் சொல்லவில்லை என்பது அதிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. டாக்டரிடம் போய் இதைச் சொல்லலாமா என்று பலமுறை எழுந்திருக்கிறேன். அது அவருக்கு ஆறுதலா, இன்னொரு பாரமா என்று புரியாமல் உட்கார்ந்துவிடுகிறேன்.