மேல்மலையில் அண்ணன் சுமந்த என் பழி

என் அண்ணன் காவல் துறையில் ஏட்டாக இருந்தபோது, அவரை நம்பி ஒரு பெண் சொன்ன செய்தியை வெளியே சொன்னவன் நான். பழி அண்ணன் மேல் விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை. "அவருக்கு நாக்கு அடங்காது, அதனால்தான் மேல்மலையில் பெயர் கெட்டது" என்று நம் உறவினரில் சிலர் இன்றும் சொல்கிறார்கள். அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வந்த பிறகாவது அந்தப் பேச்சு நிற்க வேண்டும்.

அண்ணன் பழனி அடிவாரத்தில் பிறந்தவர். மலையேறும் பக்தர்களுக்குத் தேங்காய் பழம் விற்கும் கடை எங்கள் அப்பாவுடையது. நான் சிறுவனாக இருந்தபோதே அப்பா தவறிவிட்டார். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தார். கடை நொடித்ததும் போலீஸில் சேர்ந்தார். மதுரையில் நான் கல்லூரி முடித்ததும், ஆசிரியர் பயிற்சி பெற்றதும் அவர் சம்பளத்தில்தான். ஐம்பதுகளின் நடுவில் அவர் கொடைக்கானலுக்கு மாற்றலாகி வந்தார். எனக்கும் அங்கேயே பள்ளியில் வேலை கிடைத்தது. நாயுடுபுரத்தில் அண்ணன் வீட்டிலேயே தங்கினேன். அண்ணி எனக்கும் சேர்த்துத்தான் உலை வைத்தார்.

அந்த நாளில் கொடைக்கானலுக்கு அப்பால் உள்ள மேல்மலை ஊர்க்காரர்கள் போலீஸைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். எந்த வழக்கையும் ஊர்ப் பொதுவிடமான மந்தையில் கூடித் தாங்களே தீர்த்துக்கொள்வார்கள். அவர்கள் தெருவுக்குள் யாரும் காலணியோடு நடக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. முன்பு வந்த போலீஸ்காரர்கள் பூட்ஸோடுதான் போனார்கள். அண்ணன் ஊர் எல்லையிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். சீருடைக்கு இது அழகில்லை என்று மேலதிகாரி கண்டித்தும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

முதல் தடவை மந்தையில் ஒரு பெரியவர் கேட்டாராம்: "ஏட்டையா, கால் குளிரலையா?"

"குளிராம என்ன மாமா? வெரசாப் பேசி முடிங்க, நான் போயி பூட்ஸ மாட்டணும்."

அந்தச் சிரிப்பில்தான் பேச்சு தொடங்கியது என்பார் அண்ணன். யாராவது புகார் சொன்னால் எழுதி, அதை அவர்களுக்கே படித்துக் காட்டி, "இதுதானே சொன்னீங்க?" என்று கேட்ட பிறகே கைநாட்டு வாங்குவார். ஸ்டேஷனுக்கு வந்தவர் மேல் கை வைக்க விடமாட்டார். யார் சொன்னது என்று எவரிடமும் சொல்லமாட்டார். இப்படிச் சில வருடங்கள் போன பிறகு, காய்கறி மூட்டையோடு சந்தைக்கு வருகிறவர்கள் ஸ்டேஷன் வாசலில் நின்று அவரிடம் நல்லது கெட்டது பேசிவிட்டுப் போகத் தொடங்கினார்கள்.

அப்போது மதுவிலக்கு. மேல்மலை ஊர் ஒன்றில் செல்வாக்குள்ள ஒருவர் சோலைக்குள் சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்தார். அதைக் குடித்துக் குடித்து, பூண்டு விவசாயி ஒருவருக்குக் கண் மங்கத் தொடங்கியது. அவர் மனைவி ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஸ்டேஷனுக்குப் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம். உள்ளறையில் நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"நான் சொன்னேன்னு தெரிஞ்சா ஊருல என்னைய இருக்க விடமாட்டாங்க ஏட்டையா."

"என் வாயால போகாது தாயி. நீ தைரியமாப் போ."

அந்தப் பெண்ணின் பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. அந்தக் குடும்பம் இன்னும் அங்கே இருக்கிறது.

அண்ணன் ஆட்களோடு போய் ஊறல் பானைகளை உடைத்தார். காய்ச்சியவர் சிறைக்குப் போனார். கொஞ்ச நாள் கழித்து நான் பழனிக்குப் போய்த் திரும்பும்போது மலைப்பாதையில் மண் சரிந்து, பெருமாள்மலையில் பஸ் நின்றுவிட்டது. டீக்கடையில் இதே பேச்சு. காய்கறித் தரகர் ஒருவர் என்னைத் தெரிந்தே சொன்னார்:

"ஏட்டுக்குப் பங்கு சரியா வந்திருக்காது. அதான் பானைய ஒடச்சிட்டாரு. வந்திருந்தா அவரே அடுப்பு ஊதியிருப்பாரு."

கடையே சிரித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க அண்ணன் யார்கிட்டயும் கை நீட்டுறவர் இல்ல. அந்த ஊர்ப் பொம்பளையே வீடு தேடி வந்து அழுதுச்சு. புருஷன் கண்ணு போகுதேன்னு அழுதுச்சு. அதுக்கப்புறம்தான் போனார்" என்றேன்.

பெயர் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சின்ன ஊரில் கண் மங்கிய புருஷன் ஒருவர்தான்.

செய்தி என் பஸ்ஸுக்கு முன்னே மலையேறிவிட்டது. வெளியே காட்டிக்கொடுத்தவள் என்று அந்தப் பெண்ணை ஊர் ஒதுக்கியது. அங்கே நடவுக்கும் பிடுங்கலுக்கும் ஒருவர் காட்டில் மற்றவர் முறை வைத்து வேலை செய்வார்கள். அவர் காட்டுக்கு மட்டும் ஆள் வரவில்லை. முற்றாத பூண்டை யாரோ பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். அவர் நேரே ஸ்டேஷனுக்கு வந்து, எல்லோர் முன்னாலும் அண்ணனைக் கேட்டார்: "சாமியாட்டம் நம்பி வந்தேனே ஏட்டையா. நீங்களும் இப்படித்தானா?"

அன்று மாலை அண்ணன் என்னிடம் கேட்டார். "பெருமாள்மலையில என்னடா பேசுனே?"

"ஒண்ணும் பேசலையே அண்ணே."

தட்டை என் பக்கம் நகர்த்தினார். "சரி, சாப்பிடு" என்றார். அந்தப் பெண்ணிடம் அவர், "என் வாயால போனதாவே வச்சுக்க தாயி" என்று சொல்லியிருந்தார் என்பதை அண்ணி சொல்லித்தான் அறிந்தேன். அதற்குப் பிறகும் நான் பேசவில்லை. வேலை போய்விடுமோ, ஊர் ஏசுமோ என்று எனக்குள் காரணம் தேடிக்கொண்டேன். அண்ணன் எப்போதும்போல மேல்மலைக்குப் போனார், மந்தையில் உட்கார்ந்தார். யாரும் பேசவில்லை, குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த ஊரில் ஒரு மாடு காணாமல் போயிற்று. கூலிக்கு வந்த இளைஞன் ஒருவனைச் சந்தேகப்பட்டு மந்தையில் கட்டி வைத்து அடித்தார்கள். கை முறிந்தது. மாடு பிறகு சோலைக்குள் தானாக மேய்ந்துகொண்டிருந்தது. முன்பு என்றால் ஏட்டையாவுக்கு ஆள் அனுப்பியிருப்பார்கள். அந்த இளைஞனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அண்ணனுக்குச் சொல்லாமலே மேல்மலைக்குப் போனேன். மந்தையில் எல்லோர் முன்னாலும், டீக்கடையில் பேசியது நான், என் அண்ணன் அல்ல என்றேன். அண்ணன் பெயர் அந்த நிமிடமே துலங்கிவிடும் என்று நினைத்துத்தான் போனேன். பெரியவர் சொன்ன பதில் வேறாக இருந்தது.

"அப்போ இத்தனை வருஷம் தம்பிய மறைச்சு வச்சிருக்காரு. எங்க வீட்டுப் பய தப்புப் பண்ணினா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னவரு, தன் வீட்டுப் பயன்னா வாயப் பொத்திக்கிட்டாரா? நல்ல நாயம்யா!"

நான் அண்ணனுக்கு இரண்டாவது முறையும் கெடுதல் செய்துவிட்டு மலையிறங்கினேன்.

இம்முறை நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அண்ணன் கோபப்படவில்லை. "அவங்க கேட்டது சரிதானேடா" என்றார். அடுத்த மந்தை நாளில் சீருடை இல்லாமல், என்னையும் அழைத்துக்கொண்டு போனார். "தம்பின்னுதான் மறைச்சேன். வேற வீட்டுப் பையனா இருந்தா மறைச்சிருக்க மாட்டேன். அது தப்பு. ஊரு என்ன சொல்லுதோ அதுக்குக் கட்டுப்படுறோம்" என்றார். ஒரு போலீஸ்காரர் அந்த மந்தையில் தன் தப்பைச் சொன்னது அதுவே முதல் தடவை.

பெரியவர் அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஒனக்கு என்ன வேணும் ஆத்தா?" என்றார்.

"பூண்டு ஊணணும். ஆள் வேணும்" என்றார் அவர்.

அந்தப் பருவம் முழுவதும் சனி ஞாயிறுகளில் நான் அவர் காட்டில் வேலை செய்தேன். கண் தெரியாத அவர் கணவர் வரப்பில் உட்கார்ந்திருப்பார். பக்கத்துக் காட்டிலிருந்து ஏளனம் வரும்: "வாத்தியாரே, தலைகீழா ஊணாதீங்க. பூண்டு பாதாளத்துல போயி வெளஞ்சிரும்!" அந்தப் பெண் சிரிக்கவுமில்லை, என்னோடு பேசவுமில்லை. களை எடுக்கும் சமயம் ஒரு நாள் பக்கத்துக் காட்டுக்காரர்கள் தாங்களாகவே இறங்கி வேலை செய்தார்கள். ஊரும் தன் பங்குக்கு ஏதோ யோசித்திருக்க வேண்டும்.

அண்ணன் பணி ஓய்வு பெற்ற பிறகும் நாயுடுபுரத்திலேயே இருந்தார். கடைசி மாதங்களில் நடக்க முடியாமல் போனாலும் நினைவு தெளிவாக இருந்தது. இரவு பகல் பாராமல் உடனிருந்த பிள்ளைகளுக்கும் மருமகள்களுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வீட்டுக்கே வந்த மருத்துவருக்கும், வீட்டு வாசலைத் தங்கள் வாசலாகவே பார்த்துக்கொண்ட அண்டை அயலாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அடை மழையில் வண்டி பிடித்து வந்து, பாடைக்குத் தோள் கொடுத்த மேல்மலை ஊர்க்காரர்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர்களில் பலர், அண்ணன் மந்தையில் உட்கார்ந்த காலத்தில் பிறந்திராதவர்கள்.

அந்தப் பருவத்தில் பூண்டு பிடுங்கிய நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் காடு பார்க்க வந்திருந்தார். அந்தப் பெண் அவருக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, "ஏட்டையா, ஒங்ககிட்ட ஒரு சேதி சொல்லணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். அத்தனை மாதத்தில் அன்றுதான் என்னிடம் நேராகப் பேசினார்.

"தம்பி, நீங்க ஓடைப் பக்கம் போயி கையக் கழுவிட்டு வாங்க. மெல்லவே வாங்க, அவசரமில்ல."

நான் போனேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. திரும்பிப் பார்த்தபோது இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் என்ன சொன்னார் என்று அண்ணன் கடைசி வரை என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.