கண்ணாடி ஏறிய திருநீறு

போன கிழமை தொலைக்காட்சிப் பெட்டியின் கண்ணாடியைப் பழைய பட்டுத்துண்டு ஒன்றால் துடைத்தேன். கையை எடுப்பதற்குள் தூசி மறுபடியும் வந்து ஒட்டிக்கொண்டது. விஞ்ஞானம் படிப்பித்தே தலை நரைத்தவள் நான். காரணம் தெரியாதா என்ன? தெரிந்தும் துணியைப் போட்டுவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளைக்காரன் காலத்துக் கொழும்பு வெள்ளவத்தையை நீங்கள் பார்த்திருக்க நியாயமில்லை. கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், யாழ்ப்பாணத்து மாமி ஒருவரின் வீட்டில் அறை எடுத்திருந்தேன். பெண்கள் பள்ளிக்கூடத்தில் புது வேலை. பட்டம் வாங்கிய மிதப்பில் எனக்குக் கால் தரையில் படாது. மாமியின் ஒரே மகன் கப்பலில் கணக்கெழுதும் கிளாக்கர். உலக யுத்தத்தில் அந்தக் கப்பல் போன இடம் தெரியவில்லை. தகவல் இல்லை என்று ஒரு கடிதம் வந்ததோடு சரி. அவன் மனைவி புஷ்பத்துக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு.

சாமியறைச் சுவரில் அவன் படம் இருந்தது. மாலை கிடையாது, பொட்டுக் கிடையாது. அவையெல்லாம் போய்ச்சேர்ந்தவர்களின் படத்துக்கு. மாமி தினமும் அவனுடைய கலியாணப் பட்டுச் சால்வையால் கண்ணாடியை அழுத்தித் துடைப்பார். அந்த அறையின் கற்பூர வாசமும் பழம்பட்டின் வாசமும் இப்போதும் என் மூக்கில் நிற்கின்றன.

அது ஒரு தைமாதக் காலை. மலைப்பக்கத்துக் காய்ந்த காற்று உதட்டை வெடிக்கவைக்கும் நாட்கள். படத்தை மடியில் வைத்துத் துடைத்த மாமி, அதைத் திருநீற்றுத் தட்டுக்கு மேலாகத் தூக்கினார். தட்டிலிருந்த திருநீறு தானாக எழும்பியது. வாசலில் நின்ற நானும் பார்த்தேன். யாரும் தொடவில்லை. அது மெல்லப் போய் அவன் நெற்றியில் படிந்தது.

"தான் போயிட்டனெண்டு என்ர பிள்ளை வந்து சொல்லிப்போட்டான்," என்றார் மாமி. அழக்கூட இல்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து அவன் சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் படத்தின் நெற்றியைப் பார்த்தார், புஷ்பத்தைப் பார்த்தார். "இனி என்ன யோசினை? நாளைக்குக் காலமை தாலியைக் கழட்டுவம்." புஷ்பம் அடுப்படி நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய்க் கண்ணாடிக் கோல் ஒன்று கொண்டுவந்தேன். எல்லாவற்றையும் இங்கிலீஷில் படித்தவளுக்குத் தமிழில் வாய் குழறியது. "எந்தச் சாமானும் அணுவால ஆனது மாமி. அதுக்குள்ள நேர்மின்னும் எதிர்மின்னும் சரிக்குச் சரி. பட்டால தேய்ச்சால் கண்ணாடியில இருக்கிற எதிர்மின் துணுக்குக் கொஞ்சம் பட்டோட போயிடும். கண்ணாடியில நேர்மின் மிஞ்சும். அதுதான் திருநீற்றை இழுக்குது."

கோலைச் சால்வையால் தேய்தேய் என்று தேய்த்தேன். பிற்பகலாகிவிட்டது, கடற்காற்று வீடெல்லாம் ஈரமாக்கியிருந்தது. ஒரு துகள் அசையவில்லை. சித்தப்பா தொண்டையைச் செருமினார். ஈரத்தில் அந்த மின்னேற்றம் தங்காது என்று வகுப்பில் சொல்பவளே நான்தான்! பதற்றத்தில் மறந்துபோய் அசடு வழிய நின்றேன்.

மறுநாள் விடிந்ததும், ஆட்கள் கூடுமுன், கோலையும் சால்வையையும் அடுப்பருகில் காயவைத்து மாமியின் கையிலேயே கொடுத்தேன். "நீங்களே தேயுங்கோ." தேய்த்துவிட்டுத் தட்டின் மேலே பிடித்தார். திருநீறு எழுந்து அந்த வெறும் கோலில் ஒட்டியது. மாமி கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப கண்ணாடியில புதுசா ஒண்டும் வந்து சேரேல்லையோ, பிள்ளை?"

"இல்லை மாமி. கண்ணாடி தன்னட்டை இருந்ததை இழந்ததாலதான் இழுக்குது."

"அப்ப நேற்று வந்தது அவனில்லை."

சித்தப்பா திரும்பிப் போனார். புஷ்பத்தின் தாலி கழுத்திலேயே இருந்தது. எனக்கு வந்த பெருமையைக் கேட்கவேண்டாம். ஒரு கிழமை கழித்துக் கிணற்றடியில் புஷ்பம் என்னிடம் வந்தாள். "ஏன் அக்கா மறிச்சனீங்கள்? அண்டைக்கே கழட்டியிருந்தால் அழுது முடிச்சிருப்பன்."

அவன் திரும்பவேயில்லை. யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், மாமியும் போனார். அந்த ஒழுங்கையின் வீடுகளை இடித்து மாடிக் கட்டடங்கள் எழுப்பினார்கள், கிணற்றையும் மூடிவிட்டார்கள். புஷ்பம் காத்திருந்தே கிழவியானாள். அவள் கண்ணை மூடியபோது, புருஷன் செத்தான் என்று சொல்ல யாரிடமும் அத்தாட்சி இல்லை. சுமங்கலிக்குரிய முறைப்படி கலியாணக் கூறைச்சேலை உடுத்தினார்கள். குங்குமச் சிமிழை என்னிடம் நீட்டி, நெற்றியில் வைக்கச் சொன்னார்கள். அன்று கோலைக் கொண்டுவந்த என் கை எழும்பவில்லை.