இருபது கிரேட்டுக்கான ஸ்பிரிங்

பட்டியல் போடாமல் எனக்கு எதையும் வாங்கத் தெரியாது. துடைப்பம் வாங்கினாலும் மூன்று கடை விசாரித்து எழுதி வைத்துக்கொள்வேன். அதனால் ஜீப்புக்கு ஸ்பிரிங் வாங்க வேண்டும் என்றானபோது, வீட்டில் எல்லோரும் கவலையாக இருக்க, எனக்கு மட்டும் உள்ளூர மகிழ்ச்சி.

அப்பாவுக்கு முதுகுத்தண்டில் டிஸ்க் விலகியிருந்தது. இரண்டு மாதம் படுக்க வைத்த மருத்துவர், "குலுங்காம போக முடிஞ்சா தோப்புக்குப் போங்க. இல்லன்னா விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். மத்தூர் பக்கம் இருக்கும் எங்கள் மாந்தோப்புக்குக் கடைசி மூன்று கிலோமீட்டர் பாறையும் பள்ளமும்தான். அப்பா தோப்பை விடுகிற ஆள் இல்லை.

ஜீப்பை எங்களுக்கு விற்றவர் காட்டுப்பாதைகளில் ஓட்டுவதற்காகக் காயில்ஓவர் போட்டிருந்தார். ஷாக் அப்சார்பர் மேலேயே சுருள் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும்; ஸ்பிரிங்கை மட்டும் கழற்றி, வேண்டிய கடினத்தில் வேறு மாட்டலாம். இருந்தவை தளர்ந்துவிட்டன.

நான் ஓசூரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். அதிகபட்சச் சுமையைத் தாங்குமா என்று பார்ப்பதுதான் அங்கே முதல் வேலை. ஆகவே ஜீப்பை எடைமேடையில் நிறுத்தி முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனியாக எடை எடுத்தேன். சீசனில் ஏற்றும் இருபது கிரேட் பெட்டி மாங்காய், ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் கேன் என்று பதினொரு வரிகள். போதாததற்கு, பாதுகாப்புக்காகப் பத்து சதவீதம் சேர்த்தேன்.

ஓசூர் மெக்கானிக் என் தாளை ஒருமுறை பார்த்தார்.

"வருஷம் பூரா மாங்கா ஏத்துவீங்களா மேடம்?"

"இல்லண்ணா, ரெண்டு மாசம். ஆனா அதிகபட்ச லோடுக்குத்தான் செலக்ட் பண்ணணும்."

"ஆய்த்து, சரி மேடம். படிச்சவங்க சொல்றீங்க."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

புது ஸ்பிரிங் மாட்டி, ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஏற்றிக்கொண்டு தோப்புக்குக் கிளம்பினேன். தார்ச்சாலை முடிந்ததும் ஜீப் பள்ளத்தில் இறங்கவில்லை, குதித்தது. இரண்டாவது பள்ளத்தில் அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்து கண்ணு" என்றார்.

"வலிக்குதாப்பா?"

"வண்டி நல்லாத்தான் இருக்குது. நான் நடந்து வரேன்."

அவர் இடுப்பில் கைவைத்து முன்னால் நடந்தார். நான் முதல் கியரில் பின்னால் ஊர்ந்தேன். எதிரே ஆடு ஓட்டி வந்த ஒரு பெண்மணி ஒதுங்கி நின்று எங்களை வேடிக்கை பார்த்தார். பாதி வழியில் அப்பா ஒரு பாறையில் உட்கார்ந்தார்.

"திருப்பிக்க. வூட்டுக்கே போயிரலாம்."

தோப்பைப் பார்க்காமலே திரும்பினோம்.

வீட்டுக்கு வந்து பட்டியலைத் திறந்தேன். ஜாக்கி, ஏழு கிலோ என்று இருந்தது. ஸ்பானர் பை கூட இருந்தது. யாருக்காக இதெல்லாம் செய்தேனோ அவர் மட்டும் இல்லை. இருபது கிரேட் மாங்காய் சுகமாகப் பயணம் செய்ய நான் அருமையாகத் திட்டம் போட்டிருந்தேன்.

மறுபடி மெக்கானிக்கிடம் போனேன்.

"என்ன மேடம், ஸ்பிரிங் ஒடைஞ்சிருச்சா?"

"ஒடையாதுண்ணா. லோடு இல்லாம அமுங்கவும் மாட்டேங்குது. அதான் பிரச்சினை. மெத்துன்னு இருக்கறது வேணும்."

"அப்ப மாங்கா?"

"அதுக்கு டெம்போ பேசிக்கிறோம்."

"லோடு என்னன்னு எழுதிக்கட்டும்?"

"எங்கப்பா. அம்பத்தெட்டு கிலோ."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்."

அடுத்த ஞாயிறு அதே இரண்டாவது பள்ளத்தில் வேகத்தைக் குறைத்து, ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தேன். அவர் பக்கத்துத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவன் இன்னும் கெளை வெட்டிக் கவாத்து பண்ணாம வெச்சிருக்கானே" என்றார். தோப்பில் ஒரு மணி நேரம் மரம் மரமாகப் போய் நின்றார். திரும்பும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"வலி பத்துக்கு எத்தனப்பா?"

"மார்க் போடுற வேலையெல்லாம் உங்க கம்பெனியோட வெச்சிக்க" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "நாளைக்கு நானே ஓட்டிக்கிறேன். சாவிய வெச்சிட்டு நீ வேலைக்குப் போ" என்றார்.