ஆட்டின் மேல் போட்ட பழி

எங்கள் கம்பஸில் சேவை செய்யாத பிள்ளையே கிடையாது. சேவைக்குச் சான்றிதழ் உண்டு, டீசேர்ட் உண்டு, பகல் சாப்பாட்டுக்குக் கோழிப் புரியாணிப் பார்சலும் உண்டு. தொண்டர் கழகத்துக்கு நான் செயலாளர். மேடைப் பேச்சு தலைவருக்கு, எழுத்து வேலையெல்லாம் என் தலையில்.

ஆண்டுதோறும் வாவிக்கரையில், உப்புச் சேற்றில் வளரும் கண்டல் கன்று நடுவோம். எல்லாப் பட்ச்சும் ஒரே இடத்தில்தான் நட்டது. பஸ் கரை வரைக்கும் போகும், சேறு கணுக்காலைத் தாண்டாது, படத்துக்குப் பின்னால் வாவி அழகாக விழும். சுற்றிவரக் கண்டல் அடர்ந்திருக்க, அந்தத் துண்டு மட்டும் ஏன் வெறுமையாகக் கிடக்கிறது என்று கேட்க அத்தனை படித்த மூளையில் ஒன்றுக்கும் தோன்றவில்லை. நட்டதெல்லாம் ஒரு மாதத்துக்குள் காணாமல் போய்விடும். ‘ஆடுகளால் சேதம்’ என்று அறிக்கையில் எழுதிவிடுவோம். அந்தக் கரையில் நான் ஒரு ஆட்டைக் கூடக் கண்டதில்லை. எனக்கு முந்திய செயலாளர் எழுதியிருந்தார், அவருக்கு முந்தியவரும் எழுதியிருந்தார், அவ்வளவுதான்.

எங்கள் முறை வந்தது. நட்டு முடித்த கையோடு, அடுத்த கிழமை முள்ளுக்கம்பி வேலி அடிப்பதாகத் தலைவர் முழங்கிக்கொண்டிருந்தார். அப்போது தோணியிலிருந்து இறங்கிய ஒரு பெண், இறால் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். கையில் பேனையும் கொப்பியுமாக நின்றது நான்தானே, பெரிய ஆள் என்று நினைத்திருக்க வேண்டும்.

“புள்ள, சும்மா ஆட்டப் பேசாதீங்க. நான்தான் புடுங்கினன்.”

“ஏன் அக்கா?”

“இதுல மரம் வளந்தா மறுகா தோணிய எங்கால ஏத்துற? இதுதான் எங்கட துறை. கம்பி அடிச்சா நான் அந்தப் பாலத்தடிக்குச் சுத்திப் போகணும். நான் போய்ச் சேரக்குள்ள யாவாரி போயிருவான், இறாலும் நாறிரும். எனக்குச் சோறு இதுலதான் புள்ள.”

“புடுங்கி எறிஞ்சிட்டீங்களா?”

“எறியிறதா? சே! அங்க பாருங்க.”

துறைக்கு அப்பால், கரை அரித்துக்கொண்டிருந்த வளைவில், ஆளுயரத்துக்குக் கண்டல் நின்றது. நான்கு பட்ச் நட்டதில் தப்பியது அவர் பிடுங்கி நட்டது மட்டும்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. தலைவருக்கு இரண்டும் வரவில்லை. பதாகையைத் தூக்கிக்கொண்டு போய் அந்த மரங்களுக்கு முன்னால் பிடித்து, “எல்லாரும் வாங்க, படம் எடுப்பம்!” என்றார். நானும் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அன்றைய கன்றுகளையும் பிடுங்கி அவரிடமே கொடுத்தோம். “கம்பி வராது அக்கா, நான் பாத்துக்கொள்ளுறன்” என்று வாக்குக் கொடுத்தேன். வேலிப் பேச்சையும் சண்டை பிடித்து நிறுத்தினேன்.

அறிக்கை எழுதும்போதுதான் சறுக்கினேன். உண்மையை எழுதினால் நான்கு வருடச் சான்றிதழும் சந்தி சிரிக்கும் என்று தலைவர் பயந்தார். எனக்கும் அந்தச் சான்றிதழ் தேவையாக இருந்தது. ‘ஆடுகளால் சேதம்’ என்றே எழுதினேன். ஆடு என்ன, வழக்கா போடப் போகிறது?

படிப்பு முடிந்து களுவாஞ்சிக்குடியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து, கழகத்துப் பிள்ளைகள் என்னைப் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுச்சாரி உடுத்திக்கொண்டு போனேன்.

பஸ்ஸால் இறங்கிப் பார்த்தால், துறையை அடைத்து நாலு வரி முள்ளுக்கம்பி. நடுவில் சிவப்பு ரிப்பன், தட்டில் கத்தரிக்கோல். “அக்கா, நீங்க எழுதின அறிக்கைய வாசிச்சுத்தான் இந்த வேலையத் துவங்கினம்” என்று செயலாளர் பிள்ளை பெருமையாகச் சொன்னாள்.

கம்பிக்கு அந்தப் பக்கம், தண்ணீருக்குள் தோணியைப் பிடித்துக்கொண்டு அந்த அக்கா நின்றார். கூடை நிறைய இறால். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“வேலி நல்லா இருக்கு புள்ள. இனி ஆடு வராது.”

அவர் ஏசியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய்க் கம்பியில் வைத்தேன். அது வாய் பிளந்துகொண்டு கழன்றது. தூர எறிந்துவிட்டு ஒரு வேலிக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டத் தொடங்கினேன்.

“அக்கா, ரிப்பன் அங்கால!”

“ரிப்பனும் மண்ணாங்கட்டியும்! இஞ்ச ஆடும் இல்ல, மாடும் இல்ல, நான் எழுதினது பொய். பாத்துக்கொண்டு நிக்காம வந்து புடுங்குங்க!”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுச் சேற்றில் இறங்கினார்கள். சாரி முழங்கால் வரை நாசமானது, உள்ளங்கையில் முள் கிழித்து இரத்தம் வந்தது. கம்பியைச் சுருட்டி, கடைசிக் கட்டையில் நான் கை வைத்தபோது அவர் தோணியை இழுத்துக்கொண்டு கரையேறி வந்தார்.

“அந்தக் கட்டைய விடு புள்ள. தோணி கட்ட உதவும்.”

விட்டேன். இன்றைக்கும் தோணியை அதில்தான் கட்டுகிறார். எங்கள் கழகம் அந்தக் கரையில் நட்டதில் நட்ட இடத்திலேயே நிற்பது அது ஒன்றுதான்.