அலெய்டாவின் ஏழாவது ஊசி

போன வெள்ளிக்கிழமை அலெய்டா ஹூக்ஸ்மாவுக்குப் பிரிவு உபசாரம். ஆம்ஸ்டர்டாமில் எங்கள் இயற்பியல் கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். பேச எழுந்தவர்கள் எல்லாரும் ‘பொறுமைசாலி, பொறுமைசாலி’ என்று உருகினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறுமையாவது, மண்ணாங்கட்டியாவது! வெளியே பூட்டு தொங்கினால் உள்ளே இருப்பவள் வேறென்ன செய்வாள்? பூட்டியவன் நான். காந்தம், அதற்கான மின்சாரம், கதவுச் சாவி மூன்றும் என் பொறுப்பு.

வேலை இதுதான். காட்மியம் விளக்கின் ஒளியைப் பிரித்துப் படம் எடுத்தால் சிவப்பில் ஒரு கோடு விழும். அதே விளக்கைப் பெரிய காந்தத்தின் இரண்டு முனைகளுக்கும் நடுவே வைத்து எடுத்தால் அந்த ஒரு கோடு மூன்றாகப் பிரியும். காந்தம் அணுவுக்குள் கை வைத்துவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. பிரிந்த தூரம் மயிரிழையிலும் குறைவு. அதை அளப்பதில்தான் பேராசிரியர் ஓஸ்டிங்குக்கு உயிர்.

தெருவில் ஒரு பீர் வண்டி உருண்டால் போதும், படம் கலங்கிவிடும். அதனால் ஊரே தேவாலயத்தில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எடுப்போம். ஒளி இடம் மாறாமல் ஒரு திருகை விரலால் திருப்பிக்கொண்டே ஒருவர் இருட்டில் உட்கார வேண்டும். எழக் கூடாது, கால் மாற்றிப் போடக் கூடாது. இரும்பு ஒரு துணுக்கு உள்ளே போகக் கூடாது. காந்தம் இழுத்தால் பறந்துபோய் விளக்கை உடைக்கும். கடிகாரம், சாவி எல்லாம் வாசலில் என் தட்டில் விழும். அலெய்டா கொண்டை ஊசிகள் ஏழையும் எடுத்துப் போட்டுவிட்டு, தலைவிரி கோலமாகத்தான் உள்ளே போவாள்.

அவள் வந்த இரண்டாம் வருடம், மார்ச் மாதம். ரெய்ன்டர் என்ற பள்ளி ஆசிரியன் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தான். கடல் தாண்டி சூரினாமில் வேலை கிடைத்து அந்த ஞாயிறு மூன்று மணி ரயிலில் கிளம்புகிறான். “ஸ்டேஷனுக்கு வந்தா சம்மதம்னு எடுத்துக்குவேன். வரலைன்னா இன்னொரு தடவை கேக்க மாட்டேன்” என்று சொல்லியிருந்தான். ஃப்ரீஸ்லாந்துக்காரன், ரோஷக்காரன். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கிண்டல் செய்தேன்.

“என்ன டீச்சரம்மா, உன் முகம் எரியிற எரிப்புல விளக்கே வேண்டாம் போலிருக்கே?”

“சும்மா இருங்க யூரியண்ணே. ஒரு மணிக்குத் திறந்துடுவீங்கல்ல?”

“திறக்காம? உன்னை ஹெர்ரிங் மீனாட்டம் உப்புப் போட்டா வைக்கப்போறேன்?”

சிரித்துக்கொண்டே போனாள். யாரும் தெரியாமல் திறந்து வெளிச்சம் விட்டுவிடாதபடி, ஏழு மணிக்கு வெளியே பூட்டினேன்.

பன்னிரண்டு மணிக்குக் காபி குடித்துவிட்டு மின்சார மானியைப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. காலையில் ஜெனரேட்டரைத் துடைக்கும்போது பெரிய சுவிட்சை எடுத்துவிட்ட நான், திரும்பப் போடவே இல்லை. ஐந்து மணி நேரமாகக் காந்தம் வெறும் இரும்பாக நிற்கிறது. அவள் அதன் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். முந்தைய மாதம்தான் படம் விழும் கண்ணாடித் தகடு ஒன்றை உடைத்து, “இன்னொரு தப்பு நடந்தா வீட்டுக்குப் போயிடு” என்று ஓஸ்டிங்கிடம் பேச்சு வாங்கியிருந்தேன். வீட்டில் நான்கு பிள்ளைகள். ஒரு மணி நேரம்தானே, அப்புறம் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று சுவிட்சையும் தொடாமல் கல்லுளிமங்கனாக இருந்துவிட்டேன்.

ஒரு மணிக்கு ஓஸ்டிங் மாடிப்படியிலிருந்தே குரல் கொடுத்தார். “ஒளி கம்மி யூரியன். இன்னும் மூணு மணி நேரம் ஓடட்டும்.”

விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. “ஆகட்டும் ஐயா” என்றது என் வாய். பேசுகுழாய் வழியாக அவளிடம் சொன்னேன்.

“யூரியண்ணே, மூணு மணிக்கு வண்டி. ஐயாகிட்ட கேட்டுப் பாருங்களேன்.”

“கேட்டேம்மா. முடியாதுங்கிறார்.”

நான் கேட்கவே இல்லை. கேட்டால் அவர் இறங்கி வருவார், மானியைப் பார்ப்பார்.

இரண்டு மணிக்குக் குழாயில் குரல் வந்தது. “மணி என்ன?” சொன்னேன். இரண்டே காலுக்கு மறுபடியும் கேட்டாள். “இப்பத் திறந்தாக்கூட ஓடிப் போயிடுவேன் அண்ணே.” சாவி என் கையில் வியர்த்துக்கொண்டிருந்தது. இரண்டே முக்காலுக்கு ஒருமுறை கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

நான்கு மணிக்குத் திறந்தேன். என்னைப் பார்க்காமல் தகட்டை எடுத்துக்கொண்டு போனாள். கழுவி வெளிச்சத்தில் பிடித்தபோது ஒரே ஒரு கோடு நின்றது. பிரியவே இல்லை.

“ஃபியூஸ் போயிடுச்சு போலிருக்கு ஐயா” என்று முனகினேன்.

ஓஸ்டிங் பெருமூச்சு விட்டார். “பரவாயில்லை, ஒப்பிட்டுப் பார்க்க ஆகும். அடுத்த ஞாயிறு மறுபடி எடுப்போம்.”

தலைவிரி கோலமாக அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாதியில் ஃபியூஸ் போயிருந்தால் மூன்று கோடும் மங்கலாகவாவது விழுந்திருக்கும். அது அவளுக்குத் தெரியாதா? ரெய்ன்டருக்கு எழுதிய கடிதம் ஏழு மாதம் கழித்துப் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது.

அடுத்த ஞாயிறு என் தட்டில் ஆறு ஊசிகள்தான் விழுந்தன. தட்டை அப்படியே ஒதுக்கி வைத்தேன். கதவைச் சாத்தும்போது பார்த்தேன்: தலையிலிருந்து ஏழாவது ஊசியை உருவி, விரல்களில் இறுக்கிப் பிடித்துக் காந்தத்தருகே நீட்டினாள். ஊசி வெடுக்கென்று இழுபட்டது. அதற்குப் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இருபத்துநான்கு வருடம் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். ஒருநாளும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். டீச்சரம்மா என்று கூப்பிடுவதை நான் அன்றோடு விட்டேன். அவள் அண்ணே என்பதை விடவே இல்லை, அதுதான் என்னைக் கொன்றது.

வெள்ளிக்கிழமை கூட்டம் கலைந்தபின் என்னிடம் வந்தாள். நரைத்த கொண்டையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி என் உள்ளங்கையில் வைத்தாள்.

“எண்ணிக்குங்க யூரியண்ணே.”

எண்ணினேன். “ஏழும் இருக்கும்மா” என்றேன். அந்த மார்ச் ஞாயிறுக்குப் பிறகு ஏழும் என் கைக்கு வந்தது அன்றுதான்.